பேய் முறைப்பாடு

வணக்கம் சார்,

நாங்கள் நான்கு நண்பர்கள். ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் ஒரே நேரத்தில் ‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்க ஜாம்பித் தொடரை, செத்த பிறகும் எழுந்து நடந்து ஆட்களைக் கடிக்கும் பிணங்களின் கதையை, பார்த்து வருகிறோம். ஆறாவது சீசனின் நான்காவது எபிசோடான ‘ஹியர்ஸ் நாட் ஹியர்’ எங்களுக்குள் பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டது. அதற்கு முந்தைய எபிசோடில் முக்கியப் பாத்திரமான கிளென் குப்பைத்தொட்டி மேலிருந்து நடைப்பிணங்களுக்கு நடுவில் விழுகிறான். செத்தானா பிழைத்தானா தெரியாது. அடுத்து என்ன என்று பதறிப்போய் உட்கார்ந்தால், மார்கனும் ஈஸ்ட்மன் என்ற புது ஆளும் ஏதோ ஒரு ஆடும் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நண்பர்களில் இருவர் இது சுத்த ஃபில்லர், இடத்தை அடைக்கிற வேலை, கதை ஒரு இன்ச் நகரவில்லை, காசை மிச்சம் பிடிக்க எடுத்தது என்கிறார்கள். இன்னொருவன் தொடரிலேயே இதுதான் சிறந்தது, பிடிக்காதவர்கள் வீடியோ கேம் ஆடப் போங்கள் என்றான். பேச்சு முற்றி அவன் குழுவை விட்டே போய்விட்டான். நான் நடுவில் நிற்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பார்க்கும்போது இரண்டு முறை மொபைலை எடுத்துப் பார்த்தேன் என்பதும் உண்மை.

பார்க்கிறவனின் பொறுமையைச் சோதிக்கக் கதை சொல்கிறவருக்கு உரிமை உண்டா? புதிதாகத் தொடரை ஆரம்பிக்கிறவரிடம் இந்த எபிசோடை மட்டும் தாண்டிவிடு என்று சொன்னால் தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் இரண்டு திருத்தம். அது ‘ஏதோ ஒரு ஆடு’ இல்லை. டாபிதா என்று அதற்குப் பெயர் இருக்கிறது. அடுத்தது, ஒன்றரை மணி நேரம் என்பது 2015 நவம்பர் 1 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரங்களோடு சேர்த்து அந்த எபிசோடுக்கு ஒதுக்கிய நேரம். நீங்கள் பார்த்தது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். மீதியைக் கூட்டியது உங்கள் நண்பர்களின் அலுப்பு.

இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். ஆனால் போன மாதம் ஒரு துக்க வீட்டில் காதில் விழுந்த ஒரு சொல் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

காசு மிச்சம் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு. பிடித்திருக்கட்டுமே. இருக்கிற செட்டுக்குள் நாலு பேரைப் பேசவைத்து, அதில் மிஞ்சும் பணத்தைப் பெரிய காட்சிக்கு வைத்துக்கொள்வது தொலைக்காட்சியில் பழைய பழக்கம். ‘பாட்டில் எபிசோட்’ என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. புது வீடு, புது ஆள் என்று வருகிற இது அந்த வகையில் சேருமா என்பதே சந்தேகம். சேர்ந்தாலும் என்ன? காகிதம் போதாமல் சின்னதாக எழுதிய நல்ல கவிதைகளும் உண்டு. விட்டுவிடுவோம்.

குழுவை விட்டுப் போனவர் திரும்பி வருவார். வந்ததும் ஒன்று சொல்லுங்கள், வீடியோ கேம் ஆடப் போ என்றது வெறும் திமிர். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேமிலிருந்து வந்த தொடர்தான். 2023இல் வந்த அதன் மூன்றாவது எபிசோட் முக்கியக் கதையை ஓரமாக வைத்துவிட்டு, வேலி போட்ட ஓர் ஊருக்குள் இரண்டு ஆண்கள் சேர்ந்து வயதாவதைக் காட்டியது. ஸ்ட்ராபெர்ரி விளைந்ததற்காகச் சிரிக்கிறார்கள். அதற்கும் இதே சண்டைதான் நடந்தது. அதில் நடித்த நிக் ஆஃபர்மனுக்கு எம்மி விருது கிடைத்தது. விருது கிடைத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ரசனைக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கிளென் விஷயத்தில் உங்கள் நண்பர்களின் கோபம் நியாயம். அது மட்டமான வித்தைதான். அக்டோபர் 25 அன்று அவனை நடைப்பிணங்களுக்கு நடுவில் தள்ளினார்கள். பிறகு வந்த எபிசோடுகளின் தொடக்கத்தில் அந்த நடிகரின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நவம்பர் 22 வரை காக்கவைத்து, தொட்டிக்கு அடியில் ஊர்ந்து தப்பித்தான் என்றார்கள். ஒரு மனிதனின் சாவை வைத்து ஆடிய கண்ணாமூச்சி அது. அந்தக் கோபத்தை அதைச் செய்தவர்கள் மேல் காட்டுங்கள். வழியில் நின்ற மார்கன் மேல் ஏன் காட்டுகிறீர்கள்? பேருந்து தாமதமாக வந்ததற்குப் பக்கத்தில் நிற்பவரை முறைக்கிற மாதிரி இருக்கிறது.

சரி, ஃபில்லர்.

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்தால் துணுக்குச் செய்தி ஒன்றைப் போட்டு அடைப்பார்கள். அது ஃபில்லர். ஜப்பானில் காமிக்ஸ் இன்னும் வரைந்து முடியாதபோது, தொலைக்காட்சியில் வரும் அனிமே, அதாவது அந்தக் காமிக்ஸின் கார்ட்டூன் தொடர், அதை முந்திவிடாமல் இருக்க நடுவில் சொந்தமாக நாலு கதையைச் செருகுவார்கள். அதுவும் ஃபில்லர். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் சட்டம் பேசுகிறவர்கள் என்றால், ஈஸ்ட்மன் என்ற ஆளே இந்தத் தொடருக்கு மூலமான காமிக்ஸில் கிடையாது, ஆகவே ஃபில்லர் என்று வாதாடியிருக்கலாம். அதைக்கூட அவர்கள் செய்யவில்லை. ஓட்டமும் வெட்டும் போதவில்லை, அதனால் ஃபில்லர். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஒவ்வொருவர் வாழ்க்கையும் பிறந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் நடுவே செருகிய ஃபில்லர்தான்.

கதை நகரவில்லையாம். முந்தைய எபிசோடில் எல்லோரும் ஓடினார்கள், பலர் செத்தார்கள். ஓடி முடித்தபோது மிஞ்சியவர்களில் யாராவது ஓட ஆரம்பித்தபோது இருந்ததைவிட வேறு ஆளாக இருந்தார்களா? யோசித்துப் பாருங்கள். இந்த எபிசோடின் ஆரம்பத்தில் மார்கன் பிணம், உயிர் என்ற பேதமே இல்லாமல் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்கிறான். கொல்வதற்குக் காரணம்கூட அவனிடம் மிச்சமில்லை, துப்புரவு செய்கிற மாதிரி கொல்கிறான். முடிவில் அதே ஆள் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு, இனி எந்த உயிரையும் எடுப்பதில்லை என்று நடந்து போகிறான். இந்தத் தூரத்தை எந்த இன்ச் டேப்பால் அளக்கப் போகிறார்கள்?

ஜாம்பி என்றாலே ஓட்டமும் வெட்டும்தான் என்பது பிற்பாடு வந்த எண்ணம். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்தார். இன்று நாம் பார்க்கும் ஜாம்பிக் கதைகளெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. முக்கால்வாசிப் படம் ஒரு பண்ணை வீட்டுக்குள் நடக்கிறது. வெளியே பிணங்கள் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வதா, மேலேயே இருந்து ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பதா என்று சண்டை போடுகிறார்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. உங்கள் நண்பர்கள் 1968இல் இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பார்கள்.

ரொமேரோ வரை போவானேன்? கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பிணம் தின்னும் பேய்களைப் பற்றி நம்மைவிட விரிவாக எழுதியவர்கள் யார் இருக்கிறார்கள்? பெயரே போரைச் சொல்கிற நூல். பதின்மூன்று பகுதிகளில் போர் எத்தனையாவது தெரியுமா? பன்னிரண்டாவது. அதற்கு முன்னால் ஊடல் கொண்ட பெண்களைக் கதவு திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார் ஜெயங்கொண்டார், பாலை நிலத்தைப் பாடுகிறார், காளியின் கோயிலைப் பாடுகிறார், அரச பரம்பரையை அடுக்குகிறார். நடுவே ‘பேய் முறைப்பாடு’ என்று ஒரு பகுதி வருகிறது. போர் நடந்து வெகுகாலமாகிவிட்டது, பிணமே கிடைக்கவில்லை, பசி தாங்கவில்லை என்று பேய்களெல்லாம் கூட்டமாகப் போய்க் காளியிடம் முறையிடுகின்றன. உங்கள் கடிதத்தில் உங்கள் நண்பர்கள் இருவரும் பேசியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பேய்கள்தான் நினைவுக்கு வந்தன. எபிசோடுக்கு இத்தனை பிணம் என்று படியளந்தாக வேண்டும். அளக்காவிட்டால் முறைப்பாடு.

கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

நடைப்பிணம் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. தமிழில் அது ஜாம்பி வருவதற்கு முன்பே இருந்த சொல். செத்தவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனைச் சொல்கிறோம், எல்லாம் போன பிறகும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடுகிறவரைச் சொல்கிறோம். அந்தத் தொடரின் தலைப்பும் அப்படித்தான். காமிக்ஸில் கதைநாயகன் ரிக் தன் ஆட்களைப் பார்த்து, நடைப்பிணம் நாம்தான் என்கிறான். மார்கன் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? 2010 அக்டோபர் 31 அன்று வந்த முதல் எபிசோடில், செத்து நடமாடும் தன் மனைவியை மாடி ஜன்னலிலிருந்து துப்பாக்கியால் குறிபார்க்கிறானே, அவன்தான். சுட முடியாமல் அழுகிறான். அவன் சுடாமல் விட்ட அந்த மனைவிதான் பிறகு அவர்கள் மகனைக் கடித்துவிட்டாள் என்று மூன்றாவது சீசனில் தெரியவருகிறது. அப்போது மார்கன் சுவரெல்லாம் கிறுக்கி வைத்துவிட்டு, வழியெல்லாம் பொறி வைத்துவிட்டு, தனியாக ஓர் ஊரைக் காவல் காக்கிறான். ஐந்து வருடம் நம் கண்ணில் விட்டுவிட்டுப் பட்ட ஒரு மனிதன் எப்படித் திரும்பி ஆளானான் என்று சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால், அது உங்கள் பொறுமையைச் சோதிப்பதா?

என்னை உலுக்கியது மார்கன்கூட இல்லை. ஈஸ்ட்மன் செய்கிற ஒரு சின்ன வேலை.

நடைப்பிணம் ஒன்றைக் கொன்றால் அவன் அதை அப்படியே போட்டுவிட்டு வருவதில்லை. இழுத்து வருகிறான், குழி வெட்டுகிறான், அதன் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் கைவிட்டு மணிபர்ஸைத் தேடுகிறான். பெயர் கிடைத்தால் குழிமேட்டில் நடும் மரத்தில் அதை எழுதுகிறான். தொடர் முழுக்கத் தலைதலையாக உடைத்துக்கொண்டு போனார்களே, அவற்றுக்கெல்லாம் பெயர் இருந்தது என்று அதுவரை யாருக்கு உறைத்தது? எனக்கு உறைக்கவில்லை. பிறகு மார்கன் அந்தக் குழிமேடுகளுக்கு நடுவே ஒரு பெயரைப் பார்க்கிறான். வில்டன். ஈஸ்ட்மனின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றவன். அவனைக் கடத்தி வந்து, வீட்டுக்குள்ளேயே கட்டிய கூண்டில் அடைத்து, பட்டினி போட்டே சாகடித்திருக்கிறான் ஈஸ்ட்மன். சாக 47 நாள் ஆனது. அவனுக்கும் குழி வெட்டி, அவன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான்.

இதை முதல் முறை பார்த்தபோது அப்பா இறந்து ஏழு வருடமாகியிருந்தது.

அப்பா ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். வார்டில் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முந்தைய நாள் இரவுகூட நர்ஸம்மா அவர் பெயரோடு ‘சார்’ சேர்த்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். விடிகாலை நாலரைக்கு மூச்சு நின்றது. ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியோடு வந்தவர் கதவருகில் நின்று கேட்டார்:

“பாடி எந்த பெட்டுங்க?”

அரை மணி நேரம்தான். அறுபத்தெட்டு வருடம் இருந்த பெயர் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு போகிறாரோ. ஆனால் ஆறு மணிக்கு ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். நான் சொன்னேன்: “பாடியை எட்டு மணிக்குத்தான் குடுப்பாங்களாம்.”

நான்தான் சொன்னேன். என் வாயால். அப்பாவை.

எட்டு மணிக்குக் கவுன்ட்டரில் காகிதங்களைக் கொடுத்தார்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பெரிய தவறில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம், வண்டி காத்திருக்கிறது என்றார்கள். நான் முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அங்கேயே நின்று நாற்பது நிமிடம் சண்டை போட்டேன். அதற்குள் வந்து சேர்ந்திருந்த தம்பி என் கையைப் பிடித்து, விடுண்ணே, எல்லோரும் பார்க்கிறாங்க என்றான். கடைசியில் கவுன்ட்டர் பெண் சலிப்போடு புதுத்தாள் எடுத்து முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. பிறகு பல வருடங்கள் அதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஓர் எழுத்துக்காக அப்பாவை நாற்பது நிமிடம் அங்கே கிடத்திவைத்த கிறுக்கன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஈஸ்ட்மன் மண்டியிட்டு முன்பின் தெரியாத ஒருவனின் மணிபர்ஸைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தானே, அந்த இடத்தில்தான் அந்தக் கூச்சம் என்னை விட்டது.

அப்பாவின் மணிபர்ஸ் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று, மூக்குக்கண்ணாடி வாங்கிய ரசீது, அப்பாவின் இரத்த வகையை அவர் கையாலேயே எழுதிய துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டில் இரத்த வகைக்கு மேலே முழுப் பெயர், எழுத்து எதுவும் விடுபடாமல்.

போன மாதத் துக்க வீட்டில் விழுந்ததும் அதே சொல்தான். பாடியை எப்போது எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். இறந்தவரோடு முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். அவரை முறைத்தேன். அப்புறம் தம்பியிடம் நான் பேசியது ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன். கதை சொல்கிறவருக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் பட்டிமன்றத் தலைப்பு, அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெதுவாக எடுத்ததெல்லாம் உயர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். அதே தொடரின் இரண்டாவது சீசனில் பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டு சோஃபியா என்ற சிறுமியை வாரக்கணக்கில் தேடினார்களே, அங்கே எனக்கே கொட்டாவி வந்தது. கடைசியில் அந்தத் தானியக் கொட்டகையின் கதவு திறந்து அவளே நடைப்பிணமாக வெளியே வந்தபோது வாயை மூடிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். அப்படியும் அதில் இரண்டு எபிசோடைக் குறைத்திருக்கலாம். புதிதாகப் பார்ப்பவரிடம் எதையாவது தாண்டச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அங்கே சொல்லிக்கொள்ளுங்கள். இதைத் தாண்டச் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு முறை மொபைலைப் பார்த்தேன் என்றீர்களே, எந்த இடத்தில்? ஈஸ்ட்மன் ஆட்டுப்பாலில் சீஸ் செய்து பார்க்கிற இடம் என்றால் பரவாயில்லை, அங்கே நானும் கொஞ்சம் நெளிந்தேன். குழி வெட்டுகிற இடம் என்றால் இன்றைக்கே மறுபடி போட்டுப் பாருங்கள், மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு.